அழுகைக்கு முந்தைய பத்து நிமிடம்

காலுறையின் முனையில் ஒரு தையல் இருக்கும். விரல்களுக்கு மேலே குறுக்காக ஓடும் மெல்லிய வரி. நாற்பது வயது வரைக்கும் அப்படி ஒன்று இருப்பதையே நான் கவனித்ததில்லை. என் மகளுக்கு ஐந்து வயதானபோது அந்த ஒரு வரிதான் எங்கள் காலைப் பொழுதுகளை ஆட்டிப் படைத்தது. காலுறையைப் போடுவாள், கழற்றுவாள், மறுபடி இழுத்துவிட்டுப் போடுவாள். "குத்துதுப்பா" என்பாள். நான் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேம்மா" என்பேன். மூன்றாவது தடவை சிணுங்கல் அழுகையாகும். அப்புறம் தரையில் விழுந்து புரளும் அழுகை. பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். என் குரல் உயரும். அவள் குரல் அதற்கும் மேலே போகும்.

அடம் என்றுதான் பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், அழாத நாளுக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் என்று சுவரில் அட்டை மாட்டிப் பார்த்தேன். அந்த அட்டையைப் பார்த்து இன்னும் அதிகமாக அழுதாள். ஸ்டிக்கர் அவளுக்கும் வேண்டும்தான். குத்துகிற காலுறையைக் குத்தாமல் செய்வது மட்டும் அவள் கையில் இல்லை.

கடைசியில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை, அதாவது அன்றாடச் செயல்பாடுகளில் சிரமப்படுபவர்களுக்கு உதவும் சிகிச்சையாளரை, போய்ப் பார்த்தோம். அழுகை எப்படித் தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், என்னென்ன செய்து பார்த்தோம் என்று நானும் என் மனைவியும் மாறி மாறிச் சொன்னோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அழறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அவ என்ன செஞ்சுட்டு இருப்பா சார்?" என்றார்.

எங்கள் இருவருக்குமே பதில் தெரியவில்லை. அழத் தொடங்கிய பிறகு நடப்பதெல்லாம் மனப்பாடம். அதற்கு முந்தைய பத்து நிமிடத்தை யாரும் பார்த்ததே இல்லை. "ஒரு வாரம் அதை மட்டும் எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

எழுதினோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சட்டைக் காலரைக் கடிக்கிறாள். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கிறாள். சுவரோடு முதுகை அழுத்தித் தேய்க்கிறாள். சோபா மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு கிடக்கிறாள். தம்பி மேல் போய்ப் படுத்து அழுத்துகிறாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த நேரத்தில் நாங்கள் என்ன சொன்னோம் என்பதையும் என் மனைவி எழுதியிருந்தாள். சட்டையைக் கடிக்காதே. ஒழுங்கா நட. சுவரை விட்டுத் தள்ளி நில். தம்பியை விடு.

தெரபிஸ்ட் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் அவ தனக்குத்தானே செஞ்சுக்குற வைத்தியம். நீங்க ஒவ்வொண்ணா நிறுத்திட்டு வந்திருக்கீங்க. எல்லாம் நின்ன பிறகுதான் அழுகை வருது."

குழந்தைகளின் உணர்ச்சிகளைப் பற்றி அதற்குப் பிறகு நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் என்னைப் புரட்டிப் போட்டது இந்த ஒரு பேச்சுதான். புலன்சார் விளையாட்டு என்றதும் வண்ண மணல், சோப்பு நுரை, மினுமினுப்புத் தண்ணீர் பாட்டில் என்று ஒரு பட்டியலோடு தொடங்கிவிடுகிறோம். குழந்தை ஏற்கெனவே தன் பட்டியலை வைத்திருக்கிறது. நாம் அதைக் கெட்ட பழக்கம் என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்.

பள்ளியில் ஐம்புலன் என்று படித்தோம். அதற்கு வெளியே இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொண்டால்தான் குழந்தையின் நடத்தை பிடிபடும். ஒன்று, உள்காதில் இருக்கும் சமநிலைப் புலன். இன்னொன்று, கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு விசையோடு இயங்குகிறது என்று தசைகளும் மூட்டுகளும் மூளைக்குச் சொல்லும் புலன். இதற்கு 1906-இல் பெயர் வைத்தவர் சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். புரோப்ரியோசெப்ஷன் என்பது அவர் தந்த சொல். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட முடிகிறதே, அது இந்தப் புலனால்தான். மூன்றாவது, பசி, தாகம், இதயத் துடிப்பு, முட்டிக்கொண்டு வரும் சிறுநீர் என்று உடலின் உள்ளே நடப்பதை உணர்வது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் புலன்களிலிருந்து வரும் செய்திகளை மூளை எப்படிக் கோத்துக்கொள்கிறது, அந்த இணைப்பு தடுமாறினால் குழந்தையின் கற்றலும் நடத்தையும் என்னவாகின்றன என்பதை 1960-களிலும் 70-களிலும் ஆராய்ந்தவர் ஜீன் ஏயர்ஸ். அமெரிக்கர், அவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இன்று சிகிச்சை அறைகளில் தொங்கும் ஊஞ்சல்களுக்கும் விரித்திருக்கும் மெத்தைகளுக்கும் பின்னால் அவருடைய சிந்தனை இருக்கிறது. காலரைக் கடித்தால் தாடைத் தசைக்கு வேலை. சுவரில் முதுகை அழுத்தினால் தோலுக்கும் தசைக்கும் அழுத்தம். தம்பி மேல் படுப்பதும் அதுவேதான். தசைக்கு வேலையும் உடம்புக்கு ஆழமான அழுத்தமும் கிடைக்கும்போது பல குழந்தைகள் அடங்குகிறார்கள் என்பது தெரபிஸ்டுகளின் நீண்டகால அனுபவம். என் மகள் ஐந்து வயதில் அதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

சரி, வீட்டில் என்ன மாற்றினோம்? முதலில் காலுறை. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டோம். தையல் வெளியே போய்விட்டது. அவ்வளவுதான். எத்தனை மாத அழுகை. சட்டைக் கழுத்தில் இருந்த லேபிள்களையும் வெட்டினோம். உணர்ச்சியை அடக்கப் பழக்குவதற்கு முன், குத்துகிற முள்ளை எடுத்துவிட முடியுமா என்று பார்ப்பது நியாயம். பொதுக் கழிப்பறைகளில் கையுலர்த்தும் இயந்திரத்தைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கனடாவில் ஒரு சிறுமி அந்த இயந்திரங்களின் சத்தத்தைக் குழந்தைகளின் காது உயரத்தில் வைத்து அளந்தாள். சில இயந்திரங்கள் 100 டெசிபெல்லைத் தாண்டின. 2019-இல் அது ஒரு குழந்தை மருத்துவ இதழில் கட்டுரையாகவே வந்தது. பெரியவர்களின் காது அதைவிட உயரத்தில் இருக்கிறது. நாம் "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்கிறோம்.

அடுத்து, பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு பத்து நிமிடம். பாடம் இல்லை, கேள்வி இல்லை, "இன்னைக்கு என்ன நடந்தது" என்ற விசாரணையும் இல்லை. துவைக்க வேண்டிய துணி நிறைந்த கூடையை வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தள்ளிக்கொண்டு போவாள். கனமான புத்தகங்களை நாலு நாலாகத் தூக்கி அலமாரியில் அடுக்குவாள். கரடி மாதிரி நான்கு காலில் நடப்பாள், நண்டு மாதிரி மல்லாந்து நடப்பாள். சுவரைப் பிடித்து, "சுவர் நகருதா பார்ப்போம்" என்று இருவரும் முழு பலத்தோடு தள்ளுவோம். கடைசியில் போர்வையை விரித்து, தலை மட்டும் வெளியே இருக்கும்படி அவளைச் சுருட்டுவேன். "இன்னும் இறுக்கு" என்பாள். "போதும்" என்றால் அந்த நொடியே பிரித்துவிடுவேன். அந்த "போதும்" அவளுடையதாக இருக்க வேண்டும். அழுகிற குழந்தையைப் பெரியவர்கள் பலவந்தமாக அழுத்திப் பிடிப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படிப் பிடிப்பது ஆபத்தும்கூட.

இந்த அழுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போது டெம்பிள் கிராண்டின் என் மனதை விட்டு நீங்கவில்லை. ஆட்டிசம் உள்ளவர், கால்நடை அறிவியலாளர். பதின்பருவத்தில், தடுப்பூசி போடுவதற்காகப் பசுக்களை இருபுறமும் பலகையால் நெருக்கிப் பிடிக்கும் அமைப்பைப் பார்த்தார். மிரண்டிருந்த பசுக்களில் சில அதற்குள் போனதும் அடங்கின. தன்னையே அப்படி அழுத்திக்கொள்ள ஒரு இயந்திரம் செய்துகொண்டார். அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில்தான் இருந்தது. அணைப்பு வேண்டும், ஆனால் மனிதர்கள் அணைத்தால் தாங்க முடியவில்லை என்ற நிலையில் இருந்த ஒரு பெண் தனக்கு வழி கண்டுபிடித்த கதை அது.

தொடுதலிலேயே எத்தனை வகை இருக்கிறது பாருங்கள். நம் தோலில் மெதுவான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் அவை நன்றாகக் கிளர்கின்றன. தாய் குழந்தையின் தலையைத் தன்னையறியாமல் கோதும் வேகம் ஏறக்குறைய அதுதான். ஆனால் என் மகளுக்கு அந்த மென்மையான வருடல் கூச்சமாக இருந்தது, எரிச்சலூட்டியது. உள்ளங்கை முழுவதையும் தோளில் பதித்து அழுத்தினால்தான் அவளுக்கு இதம். ஐந்து வருடம் நான் அன்பாகத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் நழுவி நழுவி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஆரம்ப உற்சாகத்தில், எங்கோ பார்த்த ஒரு விளையாட்டை வீட்டில் செய்தேன். தட்டு நிறையச் சோப்பு நுரை, அதில் வண்ணம். மகள் தொட மறுத்தாள். "ஒரு தடவை தொட்டுப் பார், பழகிடும்" என்று அவள் கையைப் பிடித்து நுரைக்குள் வைத்தேன். அவள் கத்தவில்லை. உறைந்துபோய் நின்றாள். கை கழுவிய பிறகும் வெகுநேரம் விரல்களை விரித்தபடியே வைத்திருந்தாள். அடுத்த இரண்டு வாரம் நான் கூப்பிட்ட எந்த விளையாட்டுக்கும் வரவில்லை. தெரபிஸ்டிடம் சொன்னேன். கையைப் பிடித்து வைக்கக் கூடாது, ஒரு குச்சியைக் கொடுத்து அதனால் கிளறச் சொல்லலாம், வாய் மூடிய பைக்குள் நுரையை அடைத்து வெளியிலிருந்து அழுத்தச் சொல்லலாம், அதுவும் அவளாக வந்தால் என்றார். மூன்று மாதம் கழித்து ஒரு விரல் நுனியை நுரையில் வைத்தாள். இன்றைக்கும் அது அவளுக்குப் பிடித்த விளையாட்டு இல்லை. இருக்கவும் வேண்டாம்.

மகளிடம் கற்றதையெல்லாம் தூக்கிக்கொண்டு மகனிடம் போனால் அங்கே ஒன்றும் செல்லுபடியாகவில்லை. அவனுக்குப் போர்வையில் சுருட்டினால் மூச்சு முட்டும், உதைப்பான். அவனுக்கு வேண்டியது அசைவு. ஒரு இடத்தில் நில்லாமல் சுற்றுவான், மோதுவான், மேலேறிக் குதிப்பான். வின்னி டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997-இல் இதை ஒரு வாசற்படிக் கணக்காக விளக்கினார். சில குழந்தைகளுக்கு வாசற்படி தாழ்வு. சிறு சத்தமும் சிறு தொடுதலும் உடனே உள்ளே வந்துவிடும். சிலருக்கு வாசற்படி உயரம்; நிறைய வந்தால்தான் எட்டும், அதனால் தேடித் தேடிப் போவார்கள். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், என் இரண்டு குழந்தைகளும் இந்த இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

அசைவுதானே வேண்டும் என்று, அவன் கோபத்தில் இருந்த ஒரு சாயங்காலம் ஊஞ்சலில் உட்காரவைத்துச் சங்கிலியை முறுக்கிச் சுற்றிவிட்டேன். இறங்கியவன் முன்பைவிடக் கொந்தளிப்பாக இருந்தான், அரை மணி நேரம் பிடிபடவில்லை. காரணத்தைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். சுற்றும்போது அந்தத் திரவமும் நகரும். உடல் நின்ற பிறகும் திரவம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் தலை சுற்றுகிறது. வேகமான சுழற்சி பெரும்பாலும் கிளர்த்திவிடும். ஒரே நேர்க்கோட்டில், ஒரே தாளத்தில், மெதுவாகப் போய்வரும் ஆட்டம்தான் அடக்கும். தொட்டில் ஏன் சுழலாமல் ஆடுகிறது என்று அன்றுதான் யோசித்தேன்.

ஜப்பானில் குமி குரோடா என்பவரின் ஆய்வுக்குழு இதை அளந்தே காட்டியிருக்கிறது. தாய் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் அழுகை குறைந்தது, இதயத் துடிப்பும் இறங்கியது. சும்மா தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவ்வளவு பலன் இல்லை. 2022-இல் அவர்கள் சொன்ன வழி: அழும் குழந்தையை 5 நிமிடம் தூக்கி நடங்கள், தூங்கியதும் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து உட்காருங்கள், அப்புறம் படுக்கையில் விடுங்கள். நடுவிலுள்ள அந்தக் காத்திருப்பை எத்தனை இரவு நான் தவிர்த்துவிட்டு, கீழே வைத்ததும் கண் விழிக்கிறதே என்று அலுத்துக்கொண்டேன்!

இப்போது அந்த மூன்றாவது புலன். உடலின் உள்ளிருந்து வரும் செய்தி. என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பேசப்படுவது மிகக் குறைவு. மகன் திடீரென்று கடுகடுப்பான், பொம்மையை எறிவான். பார்த்தால் சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பான். அவனுக்கு அது தெரியாது. உடம்புக்குள் என்னவோ சரியில்லை என்பது மட்டும் தெரியும். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வான். பசியும் அப்படித்தான், வியர்வையும் அப்படித்தான்.

அதற்கு ஒரு விளையாட்டு வைத்தோம். நல்ல மனநிலையில் இருக்கும்போது மட்டும். நெஞ்சில் கை வைத்து, "அடிக்குதா, கேளு." பிறகு இருபது தடவை குதி. இப்போது மறுபடி கை வை. முதல் நாள் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "உள்ள யாரோ ஓடுறாங்கப்பா!" பிறகு படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் ஒரு பொம்மையை வைத்து, அது மேலே ஏறி இறங்குவதைப் பார்ப்போம். கொஞ்ச நேரத்தில் மறுபடி கை வைத்தால், ஓடியவர் நடக்கத் தொடங்கியிருப்பார். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தின் வேகம் சற்றுக் குறைகிறது. அதனால் நீளமாக ஊதும் விளையாட்டுகள் எல்லாமே உதவும்: சோப்புக் குமிழி, மேசையில் பஞ்சு உருண்டையை ஸ்ட்ராவால் ஊதித் தள்ளும் பந்தயம், கண்ணாடியில் வாயால் ஊதிப் பனித்திரை உண்டாக்குவது. அழுகையின் உச்சத்தில் "மூச்சை இழுத்து விடு" என்று சொன்னால் எந்தக் குழந்தையும் கேட்காது. நீச்சலைக் கரையோரத்தில் பழகியிருக்க வேண்டும்.

பேச்சு எப்போது? எனக்குப் பேச்சில் நம்பிக்கை அதிகம், அதனால் இதைக் கற்க நாளானது. யோசித்து நிதானிக்க உதவும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருடங்கள் ஆகும். ஐந்து வயதுக் குழந்தையிடம், அதுவும் அட்ரினலின் பெருக்கெடுத்த நேரத்தில், காரண காரியம் பேசினால் அது எங்கே போய்ச் சேரும்? கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன், பதற்றம் தொடங்கி ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்கே போகிறது. அழுகை நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நாம் புத்திமதியைத் தொடங்குகிறோம், உள்ளே இன்னும் தணியவில்லை. இப்போதெல்லாம் நான் இரவு வரை காத்திருக்கிறேன். விளக்கை அணைத்த பிறகு, "அப்ப உடம்புல எங்க இருந்துச்சு அந்தக் கோபம்?" என்று கேட்பேன். மகள் பெரும்பாலும் தொண்டை என்பாள். மகன் ஒரு தடவை முழங்கால் என்றான். நான் திருத்தவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் என் உடம்பு ஒன்று இருக்கிறது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு சிரித்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தை அசையாமல் வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தமிடும், முடிவில் துவண்டு அழும். எந்தப் பொருளாலும் அந்த முகத்தை ஈடுசெய்ய முடியாது. களிமண்ணைக் கொடுத்துவிட்டு நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் களிமண் வேலை செய்யவில்லை. நானும் பிசைந்த நாட்களில் செய்தது. நான் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருக்கும்போது நான் சுருட்டும் போர்வையிலும் அது தெரிந்துவிடுகிறது. அதனால் முதலில் நான் போய்ச் சுவரைத் தள்ளிவிட்டு வருவேன். குழந்தைகள் அதைப் பார்க்கிறார்கள். "அப்பாவுக்குக் கோபம், சுவரைத் தள்றாரு" என்று மகன் அறிவிப்பான்.

புலன்சார் பொருட்கள் என்ற பெயரில் விற்கப்படுபவை கடல்போல் இருக்கின்றன. பெற்றோரின் கவலையை வைத்து நடக்கும் வியாபாரம் எனக்கு வருத்தம் தருகிறது. எடை கூட்டிய போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடத்திய ஒரு நல்ல சோதனை 2014-இல் வெளியானது. அந்தப் போர்வையால் தூக்க நேரம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் சாதாரணப் போர்வையைவிட அது பிடித்திருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அதைப் போர்த்தவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல், புலன் சிக்கலைத் தனி நோயாகப் பெயரிட வேண்டாம், ஆட்டிசம், கவனக்குறைபாடு, பதற்றம் போன்றவை பின்னால் இருக்கின்றனவா என்று பாருங்கள், புலன்சார் சிகிச்சை ஒட்டுமொத்தத் திட்டத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம், ஆனால் அதற்கான ஆதாரம் இன்னும் குறைவு என்றது. நான் அதை மதிக்கிறேன். குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாடும் தூக்கமும் பள்ளியும் குலைந்துபோனாலோ, ஏற்கெனவே பேசிய சொற்களை இழந்தாலோ, கூடையைத் தள்ளவைத்துக் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

மகளுக்கு இப்போது எட்டு வயது, மகனுக்கு ஐந்து. போன மாதம் ஒரு இரவு பலத்த இடி. மகன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். நான் போவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். தன் போர்வையை எடுத்து அவனைச் சுருட்டப் போனாள். அவன் உதைத்தான். அவள் நிறுத்தினாள்.

"சரி சரி, உனக்கு இது பிடிக்காதுல்ல" என்று போர்வையைக் கீழே போட்டாள். அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "குதிக்கலாமா?"

ஒவ்வொரு இடிக்கும் இருவரும் கட்டில் அதிரக் குதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். அவள் உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"உள்ள ஓடுறாங்களா?" என்றான் அவன்.

"ஓடுறாங்க. இரு, எண்ணிட்டிருக்கேன்."